காயில் கட்ட ஆள் உண்டு, ஹெட்ஃபோனுக்கு உதிரிப்பாகம் உண்டா?

உயர்விலை ஹெட்ஃபோன் வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒலியைப் பற்றித்தான். நாகஸ்வரத்தில் சீவாளி அதிரும் ஓசை தனியாகத் தெரியுமா, தவிலின் தொப்பியும் வலந்தலையும் பிரிந்து கேட்குமா, மூன்று கச்சேரிப் பதிவுகளைத் தொடர்ந்து கேட்டாலும் காது வலிக்காமல் இருக்குமா என்று விசாரிக்கிறார்கள். நல்ல கேள்விகள்தான், ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று விடுபட்டுப்போகிறது. இதன் காது மெத்தை கிழிந்தால், வயர் அறுந்தால், ஒரு பக்கம் கேட்காமல் போனால் அந்தப் பாகம் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும்? இதற்குப் பதில் தெரியாதவரை அறுபதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து எதையும் வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் கடைக்கு நேரில் போய்ச் சண்டை போடலாம். தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் இருக்கும் நமக்குக் கூரியர் அலுவலகம்தான் சர்வீஸ் சென்டர்.

விலை கூடினால் உழைப்பும் கூடும் என்று பலரும் இயல்பாக நம்புகிறார்கள். மிக்சிக்கும் மின்விசிறிக்கும் அது ஓரளவு பொருந்தலாம், ஹெட்ஃபோனுக்குப் பொருந்தாது. ஒரு விலைக்கு மேல் நாம் கொடுக்கும் பணம் ஒலியின் நுணுக்கத்துக்குப் போகிறது, அந்த நுணுக்கமோ பெரும்பாலும் அதிரும் படலத்தை இன்னும் மெல்லியதாக்குவதால் வருகிறது. சாதாரண டைனமிக் ஹெட்ஃபோனில் காந்தத்தின் இடைவெளியில் ஒரு செம்புச் சுருள் அசைகிறது, அதனுடன் ஒட்டிய படலம் அதிர்ந்து ஒலியாகிறது. பிளேனர் வகையில் தனிச் சுருள் கிடையாது; மெல்லிய படலத்தின் மீதே மின்தடம் பதிக்கப்பட்டு, பக்கத்தில் காந்த வரிசைகள் நிற்கின்றன. அந்தத் தடம் ஓரிடத்தில் விரிசல் விட்டாலோ, படலம் சுருங்கினாலோ டிரைவர் எனப்படும் ஒலியெழுப்பும் பாகத்தை முழுதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. எலக்ட்ரோஸ்டாடிக் வகை இன்னும் நுட்பமானது. 1960இல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் தொடங்கிவைத்த அந்த வரிசையின் இன்றைய மாடல்கள், சில மைக்ரான் தடிமனே உள்ள படலத்துக்கு 580 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து இயங்குகின்றன. தூசும் ஈரமும் சேர்ந்து மின்னேற்றம் கசியத் தொடங்கினால் ஒரு பக்கம் ஒலி குறையும், சில வேளைகளில் கீச்சென்ற இரைச்சலும் எழும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியே கசியும் நாகப்பட்டினத்தில் அதை வைத்துக் காப்பாற்ற ஏசி அறை வேண்டும்.

கும்பகோணத்தில் இருக்கும் என் மைத்துனர் ஒரு பிளேனர் ஹெட்ஃபோன் வாங்கினார். வாரன்டி இருக்கும்போதே அதன் வலப்பக்கம் நின்றுபோனது. விற்றவர் மும்பையில் இருந்த இறக்குமதியாளரைக் கைகாட்டினார். இறக்குமதியாளரோ முதலில் வாங்கிய அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். அனுப்பும் செலவும் இன்சூரன்ஸும் உங்களுடையது என்றார். பரிசோதித்துவிட்டு, ஈரம் புகுந்ததால் வந்த பழுது வாரன்டியில் சேராது என்று எழுதிவிட்டார். ஈரம் புகுந்ததற்கு என்ன சான்று என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. புதிய டிரைவருக்கு அவர்கள் சொன்ன விலையில் நல்ல நடுத்தர ஹெட்ஃபோன் ஒன்று முழுதாகவே வாங்கிவிடலாம். அட்டைப்பெட்டியை மட்டும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். அக்காள் அதைத் தூக்கிப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்பது வேறு கதை.

இந்த மண்ணில் பழுதுபார்ப்பது ஒன்றும் அந்நியமான வேலை இல்லை. போர் மோட்டார் எரிந்தால் மன்னார்குடியிலும் திருவாரூரிலும் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோகிறோம்; பழைய கம்பியை உருவி எடுத்து, சுற்று எண்ணிப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்துத் தருகிறார்கள், மோட்டார் மறுபடி தண்ணீர் இறைக்கிறது. ஹெட்ஃபோனுக்குள் இருப்பதும் காந்தமும் செம்புக் கம்பியும்தான், ஆனால் தலைமுடியினும் மெல்லிய கம்பியைப் படலத்தோடு ஒட்டிய சுருளில் கையால் சுற்ற முடியாது. எனவே அதன் ஆயுள், தயாரித்த நிறுவனம் தனிப்பாகத்தை விற்குமா என்பதைப் பொறுத்தே இருக்கிறது. நம்மூர்க் கைத்திறனுக்கு அங்கே வேலை இல்லை.

அந்தக் கணக்கில்தான் சென்ஹைசர் எச்டி 600ஐ நான் மீண்டும் மீண்டும் பரிந்துரைக்கிறேன். 1997இல் வந்த மாடல் அது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதைவிடத் தெளிவாகவும் விரிவாகவும் ஒலிப்பவை பல வந்துவிட்டன என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதன் வயர் இரு காதுக் கிண்ணங்களிலிருந்தும் கையால் உருவக்கூடியது, காது மெத்தை ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும், உட்புறப் பஞ்சும் தலைப்பட்டை மெத்தையும் தனியாகக் கிடைக்கும், டிரைவரையே பசையோ ஈயமோ இல்லாமல் மாற்றலாம். 2003இல் வந்த எச்டி 650இன் மெத்தையும் வயரும் இதற்கும் பொருந்துவதால், மெத்தை செய்து விற்கும் வெளி நிறுவனங்களும் பெருகிவிட்டன. பேயர்டைனமிக்கின் டிடி 770 வகையும் உழைப்புக்குப் பேர்போனது. அதன் பழைய மாடல்களில் வயர் கிண்ணத்துக்குள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், அறுந்தால் திறந்து சால்டர் வைக்க வேண்டும். நம்மூர் டிவி மெக்கானிக் நிதானமானவராக இருந்தால் அதை அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார்.

டிரைவர் போவதைவிட அடிக்கடி நடப்பவை சின்னப் பழுதுகளே. அவற்றில் முதலிடம் மெத்தைக்கு. ரெக்சின் போன்ற செயற்கைத் தோலில் பாலியூரித்தேன் பூச்சு இருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேரும்போது அது சிதைந்து கறுப்புச் செதில்களாக உதிர்கிறது, குளித்துவிட்டு வந்து மாட்டினால் காதோரத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொள்கிறது. நிறுவனங்கள் பல இதைத் தேய்மானம் என்று வாரன்டியிலிருந்து விலக்கிவைக்கின்றன. நம் வெயிலுக்கும் மழைக்கும் வெல்வெட் மெத்தைதான் தாங்கும். அடுத்தது ஜாக்கிலும் சாக்கெட்டிலும் படியும் களிம்பு. வியர்வை உப்பு பட்டால் இயர்ஃபோன்களில் வயரைக் கழற்றி மாட்டும் எம்எம்சிஎக்ஸ் முனைகள் விரைவில் கெடும். பஞ்சில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பாதிப் பழுது அங்கேயே தீர்ந்துவிடும். மூன்றாவது, உள்ளே புகுந்த ஒற்றை முடி. படலத்தின் மீது அது கிடந்தால் தம்புராவின் கீழ் ஸ்வரத்தில் மட்டும் ர்ர்ர் என்று கேட்கும், டிரைவர் கிழிந்துவிட்டதென்று அலறியடித்துப் பெட்டி கட்டி அனுப்புவார்கள். மெத்தையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

புளூடூத் ஹெட்ஃபோனுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு குறையத் தொடங்கிவிடும், பல மாடல்களில் அந்தப் பேட்டரியை நாமே மாற்றும் வசதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறையின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும்; விலக்குகள் சில உண்டு. அந்த வடிவமைப்பு நமக்கும் வந்து சேரும்வரை காத்திருப்பதில் நட்டமில்லை.

நிறுவனம் கைமாறுவதையும் கவனிக்க வேண்டும். ஸ்டாக்ஸை 2011இல் சீனாவின் எடிஃபையர் வாங்கியது, சென்ஹைசரின் நுகர்வோர் பிரிவு 2022இல் சுவிட்சர்லாந்தின் சோனோவாவிடம் போனது, அமெரிக்காவின் ஆடிஸியை 2023இல் சோனியின் வீடியோ கேம் பிரிவு வாங்கியது. பொருள் அதேபோல் வந்தாலும், பத்தாண்டுக்கு முன் வாங்கியவருக்குப் பாகம் கொடுப்பதைப் புது உரிமையாளர் தொடர்வாரா என்பது அவர் விருப்பம். இந்தியாவில் உதிரிப்பாகம் கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளம் தகவல்களை ஓரிடத்தில் தருகிறது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி வாங்கிவரச் செய்வது நம் பக்கத்தில் பழக்கம். விலை குறையும், ஆனால் பெரும்பாலான வாரன்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்; பழுதானால் மச்சானின் அடுத்த விடுமுறைதான் கூரியர். இங்கே வாங்குபவருக்கு ஒரு பலம் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு பில் வேண்டும், பதில்கள் எழுத்தில் வேண்டும். ஆகவே மெத்தை விலை, டிரைவர் விலை, இருபுறக் கூரியர் செலவு யாருடையது என்ற மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். தொலைபேசியில் இனிக்கப் பேசும் விற்பனையாளர்கள் இந்த மின்னஞ்சலுக்கு வாய் திறப்பதில்லை, அந்த மௌனத்தையும் ஒரு பதிலாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழையது வாங்குபவர்களுக்கும் இவை பொருந்தும். வாரன்டி முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடும் என்று பல நிறுவனங்கள் எழுதிவைத்திருப்பதால், பில்லைக் கொடுத்தாலும் பயன் குறைவு. நேரில் போய், 20 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல ஏறும் ஒற்றைச் சுர ஒலிக்கோப்பை இரு காதிலும் ஓடவிட்டு, எங்காவது நடுங்குகிறதா, ஒரு பக்கம் தாழ்கிறதா என்று கேளுங்கள். புதுப் பேருந்து நிலையத் தேநீர்க் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்பவரிடம் வீட்டு முகவரி கேளுங்கள். அந்த இரைச்சலில் எந்த நடுக்கமும் கேட்காது.