சிராக்கூசா பேராலயம்: கோயிலை இடித்துக் கட்டியதல்ல

“இத்தாலியின் சிசிலித் தீவில் அதீனா என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தின் கோயிலைத் தரைமட்டமாக்கி அதன்மேல் தேவாலயம் கட்டினார்கள், ஒரு கல்கூட மிச்சமில்லை” என்று சிராக்கூசா பேராலயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது தவறுங்க. சிராக்கூசா நகரின் ஒர்டீஜியா தீவுக்குப் போய், பேராலயத்தின் பக்கவாட்டுத் தெருவில் நின்று பார்த்தாலே போதும், சுவருக்குள்ளிருந்து டோரிக் என்ற பழைய கிரேக்கப் பாணித் தூண்கள் பருத்துப் பிதுங்கி நிற்கும். கி.மு. 480இல் கார்த்தேஜியரை ஹிமேரா போரில் வென்ற சிராக்கூசா ஆட்சியாளர் கெலோன் எழுப்பிய அதீனா கோயிலின் தூண்கள்தான் அவை.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அதைத் தேவாலயமாக்கியவர்கள் செய்தது என்னவென்றால், வெளித்தூண்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளைக் கல் வைத்து அடைத்துச் சுவராக்கினார்கள், அப்புறம் உள்ளே கருவறையின் நெடுஞ்சுவர்களைக் குடைந்து வளைவுகள் ஆக்கினார்கள். அவ்வளவுதான். கூரையைத் தாங்கும் வேலையைப் பழைய கற்கள் இன்றும் செய்கின்றன.

முகப்பைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு 18ஆம் நூற்றாண்டில் பரோக் என்ற ஆடம்பர அலங்காரப் பாணியில் கட்டிய முகப்பு. அதற்கு முன், அரேபியர் காலத்தில் இந்தக் கட்டடம் மசூதியாகவும் இருந்தது.

கோயிலில் கொள்ளையே நடக்கவில்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதன் ஓவியங்களையும் கதவு அலங்காரங்களையும் சுருட்டியவன் வெர்ரெஸ் என்ற ரோமானிய ஆளுநர், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே.