ஹார்மோன் எடுங்கள், கருத்தடை மாத்திரையை விடுங்கள்

திருநங்கைத் தங்கைகளுக்கும் மகள்களுக்கும் எழுதுகிறேன். ஹார்மோனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்கு வாழ்க்கையைத் தந்த மருந்து. கருத்தடை மாத்திரையை ஹார்மோனாக நினைத்து விழுங்குவதை மட்டும் நிறுத்துங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை சுலபமாகக் கிடைக்கிறது. தினம் ஒன்று என்பது நாலு, ஐந்தாகிவிடுகிறது. சீக்கிரம் மார்பு வளர வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் வளர்ச்சி முழுமையாக இரண்டு, மூன்று வருடமாகும், எத்தனை மாத்திரை போட்டாலும்.

அதில் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடியோல் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். உடம்பில் இயல்பாகச் சுரக்கும் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடியோல் கல்லீரலில் சீக்கிரம் சிதைந்துவிடும், இது அப்படிச் சிதைவதில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது. நெதர்லாந்தில் 816 திருநங்கைகளைக் கவனித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது எதிர்பார்த்ததைவிட 20 மடங்கு இருந்தது. பெரும்பாலும் அவர்கள் எடுத்தது இதே மருந்துதான், தினம் 100 மைக்ரோகிராம். ஒரு மாலா-டியில் 30 இருக்கிறது. நீங்களே கணக்குப் போடுங்கள். அதனால்தான் இன்று மருத்துவர்கள் எஸ்ட்ராடியோல் மாத்திரையோ தோலில் தடவும் ஜெல்லோ தருகிறார்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, அது ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாத்திரை எடுப்பதை மறைக்காதீர்கள். சிகரெட் பிடித்தால் ஆபத்து இன்னும் கூடும்.

அப்புறம், விரைகளை நீக்கும் ஆபரேஷன் முடிந்ததும் "இனி எதற்கு" என்று ஹார்மோனை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். உடம்பில் எந்தப் பாலின ஹார்மோனும் இல்லாவிட்டால் எலும்பு தேயும். இதை யாரும் எங்களுக்குச் சொல்வதேயில்லை.

யார் சொல்வது? ஓ.பி.யில் ஆண் வரிசையா பெண் வரிசையா என்று என்னை அலைக்கழித்திருக்கிறார்கள். அதற்குப் பயந்துதான் பிள்ளைகள் மருந்துக்கடைக்குப் போகிறார்கள். 2008இலேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் நம் தமிழ்நாடு. ஹார்மோன் தொடங்கிய முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் எஸ்ட்ராடியோலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் பார்க்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது அதற்கென்று மருத்துவர் உட்கார வேண்டும், பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும்.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் இதைக் கேட்டு மனு கொடுக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.