2001-க்குப் பிறகு வந்த படிப்பு அல்ல இது

"புவிசார் அரசியலும் சர்வதேசப் பாதுகாப்பும் 2001 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கிளப்பிவிட்ட புதுப் படிப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி யாரும் இந்தப் படிப்பை ஒதுக்கிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

சர்வதேச அரசியலுக்கென உலகின் முதல் துறை 1919-இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரக் கல்லூரியில் தொடங்கியது. முதல் உலகப் போரில் மாண்ட அதன் மாணவர்களின் நினைவாக, செல்வந்தரான டேவிட் டேவிஸும் அவருடைய சகோதரிகளும் 20,000 பவுண்டு கொடுத்தார்கள். இனி இப்படியொரு போர் மூளாமல் தடுப்பது எப்படி என்ற தவிப்பில் பிறந்த துறை அது. எனக்கு இந்தப் படிப்பின் மேல் மதிப்பு வந்ததே அந்த வரலாற்றால்தான்.

நாடுகளின் பலத்தை அவற்றின் நில அமைப்பும் இருப்பிடமும் எப்படித் தீர்மானிக்கின்றன என்று பார்க்கும் புவிசார் அரசியல் அதற்கும் மூத்தது. பிரிட்டிஷ் புவியியலாளர் மெக்கிண்டர் லண்டனில் இதைப் பற்றித் தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது 1904-இல். பிறகு ஹவுஸ்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் வழியாக நாஜிகளோடு சேர்த்துப் பேசப்பட்டதால், அந்தப் பெயரையே பல பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் தவிர்த்தன. புதுசு போலத் தோன்ற அதுவும் ஒரு காரணம்.

இந்தியாவிலும் 1955-இலேயே டெல்லியில் சர்வதேச அரசியலுக்கென ஒரு கல்விக்கூடம் வந்துவிட்டது. இன்று அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. 2001-க்குப் பிறகு பயங்கரவாதம் பற்றிய பாடங்கள் பெருகியது உண்மைதான். துறை பிறந்தது அப்போது அல்ல.