எல்லாமே தேவைப்படுமாம்!

வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் என் தொழில். காசு கொடுத்துக் கூப்பிடுவதும் வீட்டுக்காரம்மாக்கள்தான், எதையும் விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொள்வதும் அவர்கள்தான்.

எந்த போனுக்கென்றே தெரியாத சார்ஜர். "இருக்கட்டும், என்னைக்காவது தேவைப்படும்." எப்போதோ செத்துப்போன போனின் அட்டைப்பெட்டி மட்டும் பீரோ மேல் பத்திரமாக. "நல்ல பெட்டிங்க!" நல்ல பெட்டிதான், யார் இல்லையென்றது? மூடி இல்லாத டப்பாக்கள் ஒரு பக்கம், டப்பா இல்லாத மூடிகள் இன்னொரு பக்கம். ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஆனால் இரண்டையும் பிரித்துவிடக் கூடாது! "இளைச்சதும் போட்டுப்பேன்" ஜீன்ஸ் பற்றி நான் வாயே திறப்பதில்லை. உயிர்மேல் ஆசை இருக்கிறது.

இதில் உச்சம் என்ன தெரியுமா? நான் வருவதற்கு முன்பே, அடுக்கி வைக்கவென்று புதுப் பிளாஸ்டிக் கூடைகளாக வாங்கிக் குவித்திருப்பார்கள். இடமே இல்லாத வீட்டில் இடம் உண்டாக்க இன்னும் சாமானா?

ஒருவழியாக மூட்டை கட்டிவிட்டுக் கை கழுவப் போனால், திரும்பி வருவதற்குள் மூட்டை பிரிந்து கிடக்கும். அதிலிருந்து பாதி அலமாரிக்குள்ளே போயிருக்கும். ஆனால் கணவருடைய பொருள் என்றால் மட்டும் யோசிக்காமல் "தூக்கிப் போடுங்க!" அது எப்படிங்க?