மார்க் வருதே, அப்புறம் என்னங்கறாங்க
டிஸ்லெக்சியா, அதாவது படிக்க எழுத சிரமப்படற கற்றல் குறைபாடு இருக்கற பசங்களுக்கு பரீட்சையில எக்ஸ்ட்ரா டைம், ஸ்க்ரைப் (சொல்ல சொல்ல எழுதித் தர்றவங்க) எல்லாம் ஸ்கூல்ல கேட்டு வாங்கலாம்னு எழுதிருக்கீங்க, சரிதான், ஆனா பிள்ளை கொஞ்சம் புத்திசாலின்னா காது குடுத்தே கேக்க மாட்டேங்கறாங்க. எம்பொண்ணு ஏழாவது, கணக்க மனசுலயே போட்டு விடைய சொல்லிருவா, அதையே எழுத சொன்னா 36 வந்து 63 ஆயிரும், ஸ்டெப்பும் இருக்காது. மிஸ்ஸ கேட்டா பாஸ் மார்க்குக்கு மேலயே வாங்குறால்ல, எழுத சோம்பேறித்தனம், அவ்ளோதாங்கறாங்க. மூளைய வச்சு எப்படியோ சமாளிச்சிடறதால குறை வெளிய தெரியல, அதான் சிக்கலே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே கற்றல் குறைபாடு இருக்கு, ஃபெயிலானாதான் இதெல்லாம் குடுக்கணும்னு அதுல எங்க போட்டிருக்கு? வாயால கேக்காதீங்க, லெட்டரா குடுத்து காப்பில சீல் வாங்கிக்கோங்க. கூடவே அவளுக்கு ஒலிம்பியாட் கணக்கும் குடுங்கன்னு கேட்டேன், முதல்ல ஸ்பெல்லிங் வரட்டும்னுட்டாங்க.