திருடத் தெரியாதவர்களின் கொள்ளை

1958இல் வந்த 'பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்' என்ற இத்தாலியப் படத்தை இன்றைக்குப் பார்க்கலாமா என்றால், தயங்காமல் பாருங்கள் என்பேன். கறுப்பு வெள்ளை, சப்டைட்டில் என்று தள்ளிப்போடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கதை ரோமில் நடக்கிறது. கார் திருடப் போய் மாட்டிய கோசிமோவுக்குச் சிறைக்குள் ஒரு துப்பு கிடைக்கிறது: ஓர் அடகுக்கடையின் பெட்டகத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மெல்லிய சுவர்தான். தன் குற்றத்தைப் பணத்துக்காக ஏற்றுக்கொள்ள ஆள் தேடுகிறான். சிக்குகிறவன் திக்குவாய்க் குத்துச்சண்டைக்காரன் பெப்பே. நீதிபதி நம்பாமல் இருவரையும் உள்ளே தள்ளிவிடுகிறார். மூன்று வருடம் போட்டுவிட்டார்கள் என்று பொய்யாக அழுது புலம்பி, கோசிமோவிடமிருந்து திட்டம் முழுவதையும் கறந்துகொண்டு, அப்படியே சிறை வாசலைத் தாண்டிப் போய்விடுகிறான் பெப்பே. அந்தக் காட்சியிலேயே படம் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு மூன்று வருடம் முன்பு வந்த 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுப் படத்தில் கொள்ளைக் காட்சி ஏறத்தாழ அரை மணி நேரம் வசனமோ இசையோ இல்லாமல் ஓடும். திருடர்கள் அத்தனை கைதேர்ந்தவர்கள். இயக்குநர் மாரியோ மோனிசெல்லி அதை அப்படியே தலைகீழாக்கினார். இவர் படத்தில் பெப்பே கொள்ளைக்குச் சேர்க்கும் ஆட்களுக்குத் தொழிலே தெரியாது. போலீஸ் கண்காணிப்பில் இருக்கும் பழைய பெட்டக நிபுணராக வரும் டோடோ, மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே பாடம் நடத்துகிறார். பெட்டகத்தைத் திறப்பதை உளவு பார்த்துப் படம்பிடித்து வந்து இவர்கள் போட்டுப் பார்க்கும் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் படத்தை நான் கொண்டாடுவது சிரிப்புக்காக மட்டும் இல்லை. மார்செல்லோ மாஸ்த்ரோயானியின் திபேரியோவைப் பாருங்கள். கேமரா இல்லாத புகைப்படக்காரன். மனைவி சிகரெட் கடத்தி உள்ளே இருக்கிறாள். கைக்குழந்தையை இவன்தான் வளர்க்கிறான். கொள்ளைக்குக் கிளம்புமுன் அந்தக் குழந்தையைச் சிறையில் இருக்கும் தாயிடம் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. எப்போது பார்த்தாலும் எதையாவது மென்றுகொண்டே இருக்கும் கிழவர் கப்பனெல்லேயின் பசியும் அப்படித்தான். இவர்கள் எதற்காகத் திருடக் கிளம்பினார்கள் என்பதைப் படம் ஓரிடத்தில்கூட மறப்பதில்லை. அதனால் இவர்களின் முட்டாள்தனத்தைப் பார்த்து நாம் சிரிக்கலாம், இவர்களின் ஏழ்மையைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நகைச்சுவை என்ற பெயரில் இல்லாதவனைக் கேலிப்பொருளாக்கும் படங்கள் எவ்வளவோ வந்துவிட்டன. இந்த வித்தியாசம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

நடுவில் ஒரு மரணமும் வருகிறது. நகைச்சுவைப் படத்தில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது தேவை என்றே பட்டது, பிறகு வரும் சிரிப்பின் கனமே மாறிவிடுகிறது.

அப்புறம், விட்டோரியோ காஸ்மன். அதுவரை மேடை நாடகங்களிலும் வில்லன் வேடங்களிலும் பெயர் வாங்கியவர், இதில் பெப்பேயாக வந்து திக்கித் திக்கிப் பேசியே படத்தைத் தூக்கி நிறுத்துகிறார். தலைவன் நான்தான் என்று நிரூபிக்கத் துடிக்கிற ஒருவனின் பாடு அது. பியரோ உமிலியானியின் ஜாஸ் இசையும் அருமை.

குறை இல்லாமல் இல்லை. ஆட்களைச் சேர்க்கும் முதல் பகுதி சற்று மெதுவாகப் போகிறது. தங்கையை வீட்டுக்குள் பூட்டிவைக்கும் சிசிலிக்கார அண்ணனைப் படம் கிண்டல் செய்கிறது, சரி. ஆனால் அந்தத் தங்கையாக வரும் கிளாடியா கார்டினாலேவுக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை. அது எனக்கு உறுத்தியது.

டப்பிங் வேண்டாம், இத்தாலிய மொழியிலேயே பாருங்கள். இவர்கள் தங்களுக்குள் போடும் வாய்ச்சண்டைகளின் வேகம் குரலில்தான் இருக்கிறது. 1984இல் அமெரிக்காவில் எடுத்த மறுஆக்கத்தைத் தேடிப் போக வேண்டாம். சுவரை உடைக்கும் கடைசி இரவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதற்கு முன் எங்கேயும் படித்துவிடாதீர்கள்.