டிக்கெட் இருந்தால் புறநகர் ரயிலில் சைக்கிள் ஏற்றலாமா?

"கையில் டிக்கெட் இருந்தால் எந்தப் புறநகர் ரயிலிலும், எந்த நேரத்திலும் சைக்கிளை ஏற்றலாம், தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. நம்பிப் போனால் நடைமேடையில் சைக்கிளோடு நிற்க வேண்டியதுதான்.

விதி ஊருக்கு ஊர் மாறும். கோபன்ஹேகன் புறநகர் ரயில்களில் 2010 முதல் சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை, அதைப் பார்த்துத்தான் எல்லா இடத்திலும் அப்படி என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. சைக்கிளுக்குப் பேர் போன நெதர்லாந்தில்கூட வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6.30 வரை முழு அளவு சைக்கிளை ஏற்றக் கூடாது (ஜூலை, ஆகஸ்டில் மட்டும் விலக்கு), மற்ற நேரத்தில் ஏற்ற சைக்கிளுக்கெனத் தனி டிக்கெட் வேண்டும். மடக்கு சைக்கிள் என்றால், மடக்கி வைத்தால் போதும், இலவசம்.

சரி, சைக்கிளுக்கென்று தனிப் பெட்டியே இருந்தால்? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் புறநகர் ரயிலான கால்ட்ரெயினில் இருக்கிறது. இறங்கும் நிலையத்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதி சைக்கிளில் மாட்டிவிடுவார்கள், முதலில் இறங்குபவரின் சைக்கிள் உள்ளே சிக்கிக்கொள்ளாமல் இருக்க. ஆனால் அந்த இடம் நிரம்பிவிட்டால், டிக்கெட் இருந்தாலும் அடுத்த ரயில்தான்.

அப்புறம், பேட்டரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். தீ விபத்து அபாயத்தால் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் மடக்க முடியாத மின் சைக்கிள்களைத் தன் ரயில்களில் 2025 மார்ச் 31 முதல் தடை செய்திருக்கிறது.